ஈப்போ மணலுக்கு எந்தப் புல்?

ஈப்போவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மி.மீ. மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் காங்கேயத்தில் பெய்வது 600 மி.மீ. அளவுதான். அப்படியிருந்தும் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈய லம்பங்களில் (ஈயச் சுரங்க நிலங்களில்) மாடு மேய்ப்பவருக்கு வறட்சிதான் பெருங்கவலை. ஈயம் அலசியபோது களியும் மக்கும் கழுவப்பட்டுப் போய்விட்டன. மிஞ்சிய மணலில் தண்ணீர் தங்காது. ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறையும்போது மேலாக வேர்விட்ட புல் முதலில் கருகிவிடும்.

லாலாங் என்னும் களைப்புல் மட்டும் சாகாது. தீ வைத்தாலும் மண்ணுக்குள் படர்ந்த தண்டிலிருந்து துளிர்க்கும். ஆனால் முற்றிய லாலாங்கில் சத்தும் இல்லை, மாடும் விரும்பாது.

காங்கேயத்தின் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கோடையைத் தாங்குவது கொழுக்கட்டைப் புல். உறவினர் மூலம் அதன் விதையை வரவழைக்க ஆசை வரும், வேண்டாம். இங்குள்ள புளித்த மண் அதற்கு ஆகாது.

இந்த மண்ணுக்கு ஏற்றது சிக்னல் புல். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பல்லாண்டுப் புல் இது. புளித்த, சத்தற்ற மண்ணிலும் ஆழமாக வேர்விடும். தரையோடு படர்வதால் மாடு மிதித்தாலும் தாங்கும். செம்பனைக்கு மாறாமல் வெறுமனே கிடக்கும் பழைய ரப்பர் தோட்ட நிலத்திலும் நன்றாக வரும்.

ஆடு வளர்ப்பவர்கள் மட்டும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சிக்னல் புல்லில் சபோனின் என்ற நச்சுப் பொருள் உண்டு. அது செம்மறியின் கல்லீரலைக் கெடுக்கும், வெள்ளாட்டையும் விடாது. முதலில் காதும் முகமும் வீங்கும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும், கண் மஞ்சளாகும். மலேசியாவில் இதனால் ஆடுகள் செத்திருக்கின்றன; உள்ளூர் ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அறிகுறி தெரிந்தால் ஆட்டை உடனே நிழலுக்கு மாற்றி, அந்தப் புல்லை நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

ஆட்டுக்குக் கினிப் புல் நல்லது. மர நிழலிலும் வளரும், வறட்சியையும் ஓரளவு தாங்கும். நேப்பியர் அறுத்துப் போட உகந்தது. ஆனால் வெறும் மணலில் எருவில்லாமல் தேறாது.

எந்தப் புல்லானாலும் அடியோடு மேயவிடாதீர்கள். மழையில்லாத நாளில் மறுபடி துளிர்க்கத் தேவையான சேமிப்பு அடித்தண்டிலும் வேரிலும்தான் இருக்கிறது. கினிப் புல்லில் ஒரு சாண் உயரம் மிஞ்சும்போதே மந்தையை அடுத்த துண்டுக்கு ஓட்டிவிட்டு, மேய்ந்த இடத்துக்கு நான்கைந்து வாரம் ஓய்வு கொடுங்கள். வறட்சி நீண்டால் இன்னும் சில வாரம் பொறுங்கள்.