பெட்டியில் 16 ஜிபி, உள்ளே 8-தான்! செல்போன் வாங்கப் போறீங்களா? உஷார்!

சென்னை, அண்ணா சாலையை ஒட்டி உள்ள ரிச்சி தெருவில் மாலை 6 மணி ஆகிவிட்டால் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு காலத்தில் ரேடியோ, டிரான்சிஸ்டர் உதிரி பாகங்களுக்குப் பேர் போன தெரு அது. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செல்போன்தான். "அண்ணே வாங்க! என்ன ரேஞ்சுல பார்க்கறீங்க?" என்ற குரல் காதைத் துளைக்கும்.

ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தாவும், கடையைத் தம்பியிடம் விட்டு வரும் வியாபாரியும் கேட்பது பெரும்பாலும் 15 ஆயிரம் முதல் 25 ஆயிரம் ரூபாய் வரை உள்ள போன். பலருக்கு அது ஒரு மாதச் சம்பளம். அவசரப்பட்டு வாங்கிவிட்டால் மூன்று வருஷம் அதோடு மாரடிக்க வேண்டியதுதான்!

"ரேம்" ரகசியம்

பெட்டியில் கொட்டை எழுத்தில் "16 ஜிபி ரேம்" என்று போட்டிருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் "8+8" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், முதல் 8 மட்டுமே நிஜம். மற்ற 8, போனின் சேமிப்பு இடத்தில் இருந்து வாங்கிய கடன். வேகத்தில் நிஜ ரேமின் கிட்டேகூட வராது. சாதாரண உபயோகத்துக்கு நிஜ ரேம் 8 ஜிபி, சேமிப்பு 128 ஜிபி இருந்தால் போதும்.

சேமிப்பிலும் இரண்டு ரகம் உண்டு. "இ.எம்.எம்.சி." மலிவு, ஆனால் மெதுவாக வேலை செய்யும். "யு.எஃப்.எஸ்." வேகமானது. எது என்று கேட்டு வாங்குங்கள்.

கேமராவிலும் இதே கதைதான். பின்னால் மூன்று கண் இருந்தாலும், 2 மெகாபிக்சல் குட்டிக் கண்கள் பெரும்பாலும் கணக்குக் காட்டத்தான். கடையில் உள்ள டெமோ போனை வாங்கி, வெளிச்சம் குறைந்த மூலையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வண்டவாளம் தெரிந்துவிடும்! பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்போது பல போன்களுக்கு அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

யாரும் கேட்காத கேள்வி

"எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும்?" இதை முதலில் கேட்க வேண்டும். பேங்க் பணம் முழுவதும் இன்று போனில்தான் புழங்குகிறது. அப்டேட் நின்றுவிட்டால், பூட்டு பழுதான பீரோ மாதிரி! இந்த வருஷக் கணக்கு பொதுவாக, மாடல் வெளிவந்த நாளில் இருந்து ஓடும். நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல. இரண்டு வருஷப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் இரண்டு வருஷம் ஏற்கனவே போய்விட்டது என்று அர்த்தம்.

"வட்டியே இல்லாத தவணை" என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி எங்கேயாவது ஒளிந்திருக்கும். ரொக்க விலை, தவணையின் மொத்தத் தொகை, பிராசசிங் கட்டணம் மூன்றையும் காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பில் இல்லாத சரக்கு

"பில் வேணாம்னா ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், மறு பேச்சு பேசாமல் நடையைக் கட்டுங்கள். வாரண்டி கிடைக்காது. திருட்டு சரக்காக இருந்தால் நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டி வரும்.

பணம் கொடுக்கும் முன் போனில் *#06# அடியுங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் தெரியும். இரண்டு சிம் போட்டால் இரண்டு நம்பர். பெட்டியிலும் பில்லிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தும், ஓர் இடம் விட்டு அந்த நம்பரும் அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் போன் என்று பதில் வரும். செகண்ட் ஹேண்ட் வாங்குவோருக்கு இது கட்டாயம்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் புகார் கொடுக்கவும் கையில் பில் வேண்டும்!