சோயாச் சக்கையில் எவ்வளவு நார்?

கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையிலிருந்து மகாவலி கங்கையைக் கடந்தால் கன்னொறுவை. விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையங்கள் நிறைந்த இந்த ஊரில்தான், இலங்கை 1970களில் முன்னெடுத்த சோயா முயற்சியின் உணவுப் பக்கம் வளர்ந்தது. சோயா உணவு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் இங்கு அமைந்தது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் நாட்டின் சோயா முயற்சிக்குத் துணை நின்றது. அன்றைய கவலை புரதம். 1973இல் ஆரம்பமான திரிபோஷா திட்டம் பின்னர் உள்நாட்டுச் சோளத்தையும் சோயாவையும் கலந்து தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்ததும் அந்தக் கவலையால்தான். புரதத்தைத் தேடிய காலத்தில், சோயாப் பால் பிழிந்தபின் துணியில் தங்கும் சக்கைக்கு உணவுக் கணக்கில் பெரிய இடம் இருக்கவில்லை. அரை நூற்றாண்டில் நாட்டின் நோய்ப் பட்டியல் மாறிவிட்டது. வடக்கு, கிழக்கு நீங்கலாக 2005–2006இல் நடந்த ஆய்வு, பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருப்பதைக் காட்டியது. ஆகவே இன்று சக்கையைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதன் நார்ச்சத்தைப் பற்றியது. அதற்குச் சரியான விடை வேண்டுமென்றால் அளக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். சக்கையின் நாரை மேம்படுத்தும் எந்த முயற்சியும், எதை எப்படி அளக்கிறோம் என்ற தெளிவிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஊறவைத்த சோயாவைத் தண்ணீர் விட்டரைத்து, காய்ச்சி, துணியில் பிழிந்தால் பால் இறங்கும். வெளிர்மஞ்சள் நிறத்தில் உதிரியான ஈரச் சக்கை மிஞ்சும். ஒரு கிலோ காய்ந்த சோயாவிலிருந்து ஏறக்குறைய அதே எடையில், சற்றுக் கூடுதலாகவும், ஈரச் சக்கை கிடைக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்த்தினால் கால் கிலோ அளவில் தேறும். அந்த உலர் எடையில் பாதியளவு நார். கால் பங்கு புரதம். 10 முதல் 20 வீதம் கொழுப்பு. பெரியவர் ஒருவர் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படியென்றால் ஒரு கிலோ சோயாவின் சக்கையில் ஒருவருக்கு ஐந்து நாட்களுக்குத் தேவையான நார் அடங்கியிருக்கிறது. பழத்தையும் கீரையையும் போலன்றி, சக்கை ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய சோயா அவரையின் மீதி.

ஆனால் பழைய அட்டவணைகளைப் புரட்டினால் இதே சக்கைக்கு 12 முதல் 15 வீதம்வரைதான் நார் என்றிருக்கும். அந்த எண்ணைத் தந்தது ‘பருநார்’ முறை. 1860களில் ஜெர்மனியின் வீண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னெபெர்க், ஸ்டோமான் ஆகியோர் கால்நடைத் தீவனத்துக்காக வகுத்த முறை இது. மாதிரியை 1.25 வீதச் சல்பூரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, பிறகு அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டில் கொதிக்கவைத்து, கரையாமல் எஞ்சுவதை நார் என்று எடுத்துக்கொண்டார்கள். அமிலம் அரைச்செலுலோசின் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். காரம் லிக்னினையும் கணிசமாகக் கரைத்துவிடும். பெக்டின் ஏறக்குறைய முழுவதுமே போய்விடும். சோயா விதையின் கலச்சுவரிலோ பெக்டினும் அரைச்செலுலோசும்தான் செழிப்பாக உள்ளன. மனிதக் குடலில் கொதிக்கும் காரம் இல்லை. அங்கே நொதியங்கள்தான் வேலை செய்கின்றன. ஆகவே பருநார் எண்ணை வைத்துச் சக்கையை மதிப்பவர், அதிலுள்ள நாரில் கால் பங்கை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்.

மனித உணவுக்கு மனிதச் செரிமானத்தை ஒத்த அளவீடு வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுத்தது. ‘உணவு நார்’ என்ற கருத்தை 1953இல் ஹிப்ஸ்லி முன்வைத்தார். கிழக்கு ஆபிரிக்காவில் பணியாற்றிய மருத்துவர்கள் பர்கிட்டும் ட்ரோவெல்லும் 1970களில் அதை உலகறியச் செய்தார்கள். 1985இல் ப்ரோஸ்கியும் தோழர்களும் உருவாக்கிய நொதிய முறையை ஏ.ஓ.ஏ.சி என்ற பகுப்பாய்வாளர் சங்கம் ஏற்றுக்கொண்டது. பின்னர் வந்த அதன் திருத்திய வடிவம் இன்றும் ஆய்வுகூடங்களில் வழக்கத்தில் உள்ளது. உலர்த்திப் பொடித்த சக்கையில் கொழுப்பு 10 வீதத்தைத் தாண்டினால் முதலில் அதை நீக்குவார்கள். பிறகு ஒரே மாதிரியிலிருந்து ஒவ்வொரு கிராமாக இரண்டு முகவைகளில் எடுத்து, வெப்பம் தாங்கும் அமிலேசு நொதியத்தோடு கொதிநிலைக்கு அருகே வைத்து மாப்பொருளைக் குலைப்பார்கள். அடுத்து 60 பாகையில் புரதத்தைச் சிதைக்கும் நொதியம். அதன்பின் அமிலத்தன்மையைச் சரிசெய்து, எஞ்சிய மாப்பொருளைக் குளுக்கோசாக்கும் நொதியம். வடிகட்டினால் மேலே தங்குவது கரையாத நார். வடிந்த நீரில் நான்கு மடங்கு எதனோலைச் சேர்த்தால் கரைந்திருந்த நார் வெண்பஞ்சுபோல் திரண்டு படியும். இரண்டு எச்சங்களையும் உலர்த்தி நிறுத்தபின், ஒரு முகவையின் எச்சத்தில் நைதரசன் பார்த்து ஒட்டியிருக்கும் புரதத்தைக் கணிப்பார்கள். மற்றதன் எச்சத்தை 525 பாகையில் எரித்துச் சாம்பலைக் காண்பார்கள். இரண்டையும் கழித்துப் பெறுவதுதான் நாரின் எடை. இப்படி அளந்தால்தான் சக்கையின் நார் உலர் எடையில் பாதியளவு என்பதும், அதில் மிகப் பெரும்பகுதி கரையாத வகை என்பதும் தெரியவரும்.

மேம்படுத்தல் என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. கரையும் நார் இரைப்பையில் பிசுபிசுப்பைக் கூட்டி, சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். பித்த அமிலங்களைப் பிடித்துக் கொலஸ்திரோலைத் தணிக்கும். பெருங்குடலின் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். கரையாத நார் மலத்துக்குப் பருமன் தந்து மலச்சிக்கலைத் தடுக்கும். சக்கையில் முதல் வகை குறைவு என்பதால், இரண்டாவதில் ஒரு பகுதியை முதலாவதாக மாற்றப் பல வழிகளைத் தேடினார்கள். உயரழுத்த நீராவியில் வேகவைப்பது ஒரு வழி. திருகு இயந்திரத்தில் அழுத்தி, சூட்டோடு சிறுதுளை வழியே தள்ளுவது இன்னொன்று. ‘சோயா மீட்’ பிறப்பதும் இந்த இயந்திரத்தில்தான். செலுலோசையும் பெக்டினையும் வெட்டும் நொதியங்களைச் சேர்ப்பது மூன்றாவது. நான்காவது பூஞ்சை நொதிப்பு: ஜாவாவில் சோயாச் சக்கையைப் பூஞ்சையால் நொதிக்கவைத்துத் ‘தெம்பே கெம்புஸ்’, ‘ஒன்சோம்’ என்று நெடுங்காலமாக உண்கிறார்கள். எல்லா வழிகளும் கலச்சுவரின் இறுகிய வலையைத் தளர்த்தி, சிக்கியிருக்கும் பெக்டினை விடுவிக்கின்றன.

ஆனால் கரையும் நாரின் எண் கூடியதை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்லிவிட முடியாது. நொதியம் அளவுக்கு மீறி வெட்டினால் துண்டுகள் மிகச் சிறியவையாகும். அவை தண்ணீரில் கரையும், எதனோலில் படியமாட்டா. 1985 முறைப்படி நார் குறைந்துபோனதாகக் கணக்கு வரும். ஆனால் அத்துண்டுகள் செரிக்காமல் பெருங்குடலை அடைவதால் உடலுக்கு அவை நாரே. இவற்றையும் பிடிக்கும் முறைகள் 2000களில்தான் ஏற்கப்பட்டன. மறுபக்கம், அதே சிறு துண்டுகளுக்குப் பிசுபிசுப்பு இல்லை. சீனியைத் தணிக்கும் வேலையை அவை செய்யமாட்டா. மிக நுணுக்கமாக அரைத்த பொடி வடிகட்டியைத் தாண்டி ஓடிவிடவும் கூடும். தண்ணீரைப் பிடித்துவைக்கும் துளைகள் நொறுங்கிவிடவும் கூடும். பூஞ்சையோ நாரின் ஒரு பகுதியைத் தானே தின்றுவிடும். ஆகவே மேம்படுத்தியதாகச் சொல்பவர் மொத்த நார், கரையும் நார், கரையாத நார் ஆகிய மூன்றையும் ஒரே முறையில், முன்னும் பின்னும் அளந்து காட்ட வேண்டும். ஒரு கிராம் பொடி எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கிறது, எவ்வளவு உப்புகிறது, குளுக்கோசு கசிவதை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்ற செயல் அளவுகளும் உடன் வர வேண்டும். இவையெல்லாம் ஆய்வுகூடச் சான்றுகள். உண்டவரின் இரத்தச் சீனியில் மாற்றம் கண்டால்தான் உரிமைகோரல் முழுமையடையும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. சக்கை வீணாகவில்லை, மாடு தின்கிறதே என்பது முதலாவது. பக்கத்தில் தொழுவம் இருந்தால் அது நல்ல வழிதான். செலுலோசைச் செரிக்கும் ஆற்றல் மாட்டுக்கு உண்டு, புரதமும் பாலாகத் திரும்பும். ஆனால் முக்கால் பங்கு தண்ணீராக உள்ள பொருளைத் தூரம் ஏற்றினால் செலவு தாளாது. ஒரு நாள் வைத்தால் புளித்துவிடும். தொழுவம் இல்லாத இடத்தில் அதை உணவாக்குவதே பொருந்தும். இரண்டாவது மறுப்பு, சக்கையே மிஞ்சாமல் செய்யலாமே என்பது. உண்மைதான்: 1970களில் இலினோய் ஆய்வாளர்கள் வகுத்த முறையில் அவரையைச் சோடா உப்பு நீரில் வேகவைத்து, முழுவதையும் அரைத்து, உயரழுத்தத்தில் ஒருசீராக்கிப் பாலாக்கினார்கள், நாரும் பாலிலேயே தங்கியது. ஆனால் அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும். டோஃபு செய்பவர்களுக்கோ பிழிந்த பால்தான் வேண்டும். சக்கை தொடர்ந்து வரத்தான் போகிறது. மூன்றாவது மறுப்பு உடல்நலத்தைப் பற்றியது. வாயுவை உண்டாக்கும் ரஃபினோசும் ஸ்டாக்கியோசும் தண்ணீரில் கரைபவை. பெரும்பகுதி பாலோடு போய்விடும். ஆனால் சக்கையிலுள்ள பைற்றிக் அமிலம் இரும்பைப் பிணைக்கும் என்பதும், சிறுகுழந்தையின் சின்ன வயிற்றை நார் சீக்கிரம் நிரப்பிவிடும் என்பதும் மெய்யான எச்சரிக்கைகள். குழந்தைகளுக்கான சத்துமாவில் இதைச் சேர்ப்பதற்கில்லை. நீரிழிவு அச்சமுள்ள பெரியவர்களின் உணவே இதற்கு உரிய இடம். கட்டுப்பாடில்லாத வீட்டு நொதிப்பும் கூடாது. தேங்காய்ச் சக்கையில் செய்த தெம்பே ஒன்று, தவறான பற்றீரியா புகுந்து ஜாவாவில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

கண்டிப் பகுதியில் இதைச் செய்ய முடியுமா என்றால், தடை முதன்மையாக உலர்த்தலில்தான். மழையும் ஈரமும் மிகுந்த மலைநாட்டில் வெயிலை நம்பிச் சக்கையைக் காயவைத்தால் பூஞ்சை முந்திக்கொள்ளும். ஆனால் இதே மலைநாடு, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து, முக்கால் பங்குக்கு மேல் நீருள்ள கொழுந்தை 3 வீத ஈரத்துக்குக் கொண்டுவரும் தொழிலில் தேர்ந்தது. சூடான காற்றில் பொருளை மிதக்கவிட்டு உலர்த்தும் நுட்பம் இங்குள்ளவர்களுக்குக் கைவந்தது. சோயாவின் மணம் தேயிலையில் ஏறாதபடி தனி இயந்திரம் வைத்தால், அந்த அனுபவம் சக்கைக்கும் உதவும். உலர்ந்த பொடியைப் பாண் மாவில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தாலே நார் இரட்டிப்புக்கு மேல் கூடும்: 100 கிராம் வெள்ளைக் கோதுமை மாவில் 3 கிராம் அளவே நார், 10 கிராம் சக்கைப்பொடி தனியாகவே 5 கிராம் தரும். பாண் சற்று அடர்த்தியாகும், மா கூடுதல் தண்ணீர் கேட்கும். ரொட்டிக்கும் தோசைக்கும் அந்தச் சிக்கல்கூடக் குறைவு. பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் உணவு விஞ்ஞானம் கற்பிக்கிறார்கள். எதிர்க்கரையில் கன்னொறுவையில் உணவு ஆராய்ச்சி நடக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் பொருத்தமான பணி, புதிதாக ஒரு ‘சத்துப்பொடி’ விளம்பரத்துக்குத் துணைபோவதைவிட, உள்நாட்டுச் சோயா வகைகளின் சக்கையை நொதிய முறையில் அளந்து, பதப்படுத்துமுன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுவது. அந்த எண்கள் கையில் இருந்தால் பேக்கரிக்காரர் எவ்வளவு சேர்க்கலாம் என்று முடிவெடுப்பார். வைத்தியர் துணிந்து பரிந்துரைப்பார். வாங்குபவர் பொதியில் அச்சிட்டதை நம்புவார். சக்கைக்குத் தீவன விலையா, உணவு விலையா என்பதையும் அந்த அளவீடே தீர்மானிக்கட்டும்.