லினக்ஸ் ஆபீஸ் நெட்வொர்க்: ஒருவருக்கு ஒரே எண்!

நான்கைந்து கம்ப்யூட்டர்கள் உள்ள ஒரு சிறிய அலுவலகம். எல்லாவற்றிலும் லினக்ஸ். ஒரு கம்ப்யூட்டரில் உள்ள பைலை இன்னொன்றில் திறக்க பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரை சர்வராக்கி, அதில் உள்ள ஒரு போல்டரை எல்லோருக்கும் பொதுவாக்கி விடலாம். இதற்கு உதவுவது என்எப்எஸ் எனப்படும் நெட்வொர்க் பைல் சிஸ்டம். 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இந்த வசதி லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது.

இதை அமைப்பது எளிது. ஆனால் யூசர் அக்கவுண்ட்களை உருவாக்கும்போது கவனம் தேவை. இல்லாவிட்டால் ஒருவருடைய சம்பளப் பட்டியலை இன்னொருவர் திறந்து பார்க்கும் நிலை வந்துவிடும்.

பெயர் அல்ல, எண்!

நீங்கள் ரவி என்ற பெயரில் லாகின் செய்தாலும், லினக்ஸ் உங்களை ஓர் எண்ணாகத்தான் பார்க்கிறது. இதற்கு யூஐடி என்று பெயர். உபுண்டு, பெடோரா போன்றவற்றில் முதலில் உருவாக்கப்படும் யூசருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று வரிசையாக எண் கிடைக்கும். டெர்மினலைத் திறந்து 'ஐடி' என்ற கட்டளையைக் கொடுத்து என்டர் தட்டினால் உங்கள் எண் தெரியும்.

சிக்கல் எங்கே வருகிறது? சர்வரில் முதலில் ரவிக்கும் பிறகு மீனாவுக்கும் அக்கவுண்ட் உருவாக்கினீர்கள். ரவி 1000, மீனா 1001. இன்னொரு கம்ப்யூட்டரில் முதலில் மீனாவுக்கு உருவாக்கி விட்டீர்கள். அங்கே மீனா 1000 ஆகிறார். சர்வரில் உள்ள ரவியின் பைல்களை மீனா அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து திறக்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். பாஸ்வேர்ட் கேட்காது. அவருடைய சொந்த பைல்களோ 'பெர்மிஷன் டினைடு' என்று மறுக்கும். சர்வர் எண்ணை மட்டுமே ஒப்பிடுவதால் வரும் குழப்பம் இது.

எப்படி அமைப்பது?

1. முதலில் ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். ரவி 2001, மீனா 2002 என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எல்லோரும் சேரும் 'ஆபீஸ்' என்ற குரூப்புக்கு 3001.

2. எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் அதே எண்களுடன் அக்கவுண்ட் உருவாக்குங்கள். 'யூசர்ஆட்' கட்டளையில் 'மைனஸ் யு' என்ற ஆப்ஷனுக்குப் பிறகு எண்ணைத் தர வேண்டும். ஏற்கெனவே உள்ள அக்கவுண்ட் என்றால் 'யூசர்மாட்' கட்டளையால் எண்ணை மாற்றலாம். அந்த யூசர் அப்போது லாகின் செய்திருக்கக் கூடாது. அவருடைய ஹோம் போல்டரில் உள்ள பைல்கள் தானாகவே புதிய எண்ணுக்கு மாறும். வேறு இடங்களில் உள்ளவற்றை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

3. சர்வருக்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். பொதுப் போல்டரை 'ஆபீஸ்' குரூப்புக்குச் சொந்தமாக்கி, 2770 என்ற பெர்மிஷன் தாருங்கள். இதில் முதலில் உள்ள 2 முக்கியம். அந்தப் போல்டரில் யார் புதிய பைல் உருவாக்கினாலும் அது 'ஆபீஸ்' குரூப்பில் சேரும். மற்றவர்களும் அதைத் திருத்த வேண்டும் என்றால் 'யூமாஸ்க்' மதிப்பு 002 என இருக்க வேண்டும்.

4. சர்வரின் இடிசி டைரக்டரியில் உள்ள 'எக்ஸ்போர்ட்ஸ்' பைலில் போல்டரின் பெயரையும், அதைப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் அனுமதிக்கும் கம்ப்யூட்டர்களின் ஐபி முகவரிகளையும் எழுதுங்கள்.

5. மற்ற கம்ப்யூட்டர்களில் அந்தப் போல்டரை மவுண்ட் செய்யுங்கள். 'எப்எஸ்டேப்' பைலில் ஒரு வரி சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் தானாகவே மவுண்ட் ஆகும்.

அவ்வளவுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சோதனை பைல் உருவாக்கி, சர்வரில் அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து விடுங்கள்.

கம்ப்யூட்டர்கள் அதிகமானால்?

பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்கள் என்றால் கையால் எண் கொடுப்பது சிரமம். அக்கவுண்ட்களை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள முன்பெல்லாம் என்ஐஎஸ் பயன்பட்டது. பாதுகாப்புக் குறைவு காரணமாக அது ஒதுக்கப்பட்டு விட்டது. 2022-ல் வெளியான ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல் அது இல்லை. புதிதாக அமைப்பவர்கள் எல்டாப் அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட ப்ரீஐபிஏ-வைப் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

என்எப்எஸ் சாதாரண அமைப்பில் மற்ற கம்ப்யூட்டர்கள் சொல்லும் எண்ணை அப்படியே நம்பும். யாராவது தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, அனுமதிக்கப்பட்ட ஐபி முகவரியுடன் நெட்வொர்க்கில் இணைத்து, 2002 என்ற எண்ணில் ஒரு யூசரை உருவாக்கினால் மீனாவின் பைல்கள் அவருக்குத் திறந்துவிடும். ஆகவே வெளியாட்கள் வந்து போகும் இடத்திலும், விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கலந்துள்ள இடத்திலும் சாம்பாவைப் பயன்படுத்துங்கள். அது ஒவ்வொருவரிடமும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்படி அமைக்கலாம். சாம்பாவுக்கான பாஸ்வேர்டைத் தனியாகத் தர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வேலையை விட்டுப் போனவரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள். பழையவரின் பைல்கள் அனைத்தும் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். நோட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

இன்னொன்று, எல்லாருடைய பைல்களும் இப்போது ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அதை வாரம் ஒரு முறையாவது வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வையுங்கள்.