வரைபடத்தில் இல்லாத மாடி

கீழே கடை, மேலே குடித்தனம் என்று அமைந்த வீட்டை விலைக்கு வாங்குவதில் நம் வணிகர்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. வாடகை மிச்சம்; இரவில் சரக்குக்குக் காவல். நாமும் 2016-ல் அப்படி ஒரு வீட்டை வாங்கினோம். மூலப்பத்திரம் பார்த்தோம். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் சரியாக இருந்தன. வக்கீலும் தலையசைத்தார். கட்டட அனுமதி வரைபடத்தை மட்டும் அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

2023-ல் வங்கியில் ஓ.டி. வரம்பைக் கூட்டிக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வங்கி அனுப்பிய பொறியாளர் டேப் பிடித்து அளந்தார். நகராட்சி அனுமதித்த வரைபடத்தை வாங்கிவரச் சொல்லி விரித்துப் பார்த்தார். அதில் தரைத்தளம் மட்டுமே இருந்தது. மாடி இல்லை, பக்கவாட்டுக் காலியிடத்தில் இறங்கும் படிக்கட்டு இல்லை, பின்பக்க அறை இல்லை. விற்றவர் கடையை அகலப்படுத்த இடித்துவிட்ட நடுச்சுவர் மட்டும் வரைபடத்தில் பத்திரமாக நின்றது! மாடிக்கு மதிப்பு ஏதுமில்லை என்று அவர் எழுதிவிட்டுப் போனார். நாமோ அந்த மாடிக்கும் சேர்த்துத்தான் பணம் எண்ணிக் கொடுத்திருந்தோம்.

கடன் கிடைக்காததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிளம்பும்போது அவர் கடையின் கூரையில் ஓடிய ஒரு விரிசலைக் காட்டி, "மேலே என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அரிசியும் சர்க்கரையும் என்றோம். அவர் முகம் மாறிவிட்டது.

குடியிருப்புக்கான தளம், சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கும் கணக்கில் கட்டப்படுகிறது. சதுர அடிக்கு 19 கிலோ கூட வராது. 25 கிலோ அரிசி மூட்டையைப் பத்து அடுக்கு ஏற்றினால் நாலு சதுர அடியில் 250 கிலோ உட்காருகிறது. அதாவது சதுர அடிக்கு 60 கிலோவுக்கு மேல். அடியில் தாங்க வேண்டிய சுவரும் இல்லை. ஏழு ஆண்டுகளாக அதன் கீழேதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தோம். அன்று இரவே மூட்டைகளைக் கீழே இறக்கினோம். மறுவாரம் கட்டுமானப் பொறியாளர் ஒருவரின் யோசனைப்படி சுவர் இருந்த இடத்தில் இரும்பு உத்தரமும் தூண்களும் கொடுத்தோம். இம்மாதிரி வீட்டை வாங்கியிருப்பவர்கள் அலுவலகத்துக்கு ஓடும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விற்றவர் மேல் வழக்குப் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத குறையாக அது இருக்க வேண்டும். வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமே! வக்கீல் சொன்னதும் இதுதான். பத்திரம் பதிவாவதாலோ வரி கட்டுவதாலோ கட்டடத்துக்கு அனுமதி வந்துவிடாது. வீடு கைமாறும்போது விதிமீறலும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நோட்டீஸ் இப்போதைய உரிமையாளர் பெயருக்குத்தான் வரும்.

வரன்முறை செய்து கொள்ளலாம் என்று தரகர்கள் எளிதாகச் சொல்வார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ பிரிவு வந்தது. 2012-ல் சேர்த்த 113-சி பிரிவு 1-7-2007க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டுமே. நம் மாடி 2011-ல் எழுப்பியது. எனவே விதிக்குள் அடங்குவதை வைத்துக்கொண்டு, அடங்காததை எடுத்துவிட்டு, உள்ளபடி அளந்த புதிய வரைபடத்தோடு அனுமதிக்கு மனுச் செய்வதே வழி. பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு அப்படியே செய்தோம். படிக்கட்டை உள்ளே மாற்றினோம். பின்பக்க அறையை இடிக்கும்போது வீட்டில் அழுதார்கள்.

சென்னை ரங்கநாதன் தெருவில் 2011 அக்டோபர் 31 அன்று விதிமீறிய கட்டடங்களில் இருந்த கடைகளுக்குச் சீல் வைத்தது பலருக்கு நினைவிருக்கும். பெரிய கடைகளின் பாடு என்று அப்போது நினைத்தோம். அனுமதியில்லாத கட்டடத்தில் தொழில் நடத்த உரிமமே தரக் கூடாது என்று 17-12-2024-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குடியிருப்பானாலும் வணிகக் கட்டடமானாலும் ஒன்றுதான் என்றது. உரிமம் புதுப்பிக்கும் மளிகைக் கடைக்கும் இது பொருந்தும்.

இனி வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் அனுமதி வரைபடத்தைக் கையில் வாங்கி, ஒரு பொறியாளரோடு அறை அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதல் கட்டடம் இருந்தால் விலையில் அதைக் கழியுங்கள். அதனால் வரும் செலவு விற்பவரைச் சேர்ந்தது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அதுவே பதில்.

நம் மனு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. ஓ.டி. பழைய வரம்பிலேயே ஓடுகிறது. மூட்டைகளை வைக்கப் பக்கத்துத் தெருவில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம்.