வாங்க, மூக்குக்குள்ளே போகலாம்!

உடனே ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒரு பக்க மூக்கை மூடிக்கொண்டு, மறுபக்கக் கன்னத்தை மூக்கை ஒட்டி விரலால் தொட்டு, காதுப் பக்கமாக மெல்ல இழுத்து மூச்செடுங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போகிறதா? இ.என்.டி. டாக்டர்கள் முதல் நாளே செய்து பார்க்கும் சோதனை இது. மூக்கின் மிகக் குறுகலான வாசல் நாசித் துவாரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, முன்பக்கமே இருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் மூச்சு திணறும், ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் உயிர் வந்ததுபோல் இருக்கும். இந்த ஒரு மில்லிமீட்டருக்காக ஓர் ஆபரேஷன் தியேட்டரே எப்படிப் பரபரக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் அந்த உற்சாகம் அடங்கவில்லை!

மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் "மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது" என்கிறோம். ரிப்போர்ட்டில் டி.என்.எஸ். என்று இருக்கும். நூல் பிடித்தாற்போல் நேரான தண்டு உள்ளவர்கள் அபூர்வம். அதனால் வளைவு இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கத்தி எடுப்பதில்லை. ஸ்ப்ரே, அலர்ஜி மருந்து எல்லாம் போட்டும் அடைப்பு தீராதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை. அடைப்பு வலமும் இடமுமாக மாறி மாறி வருகிறதே என்று பயப்பட வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் என்று மூக்கு தானாகவே முறை மாற்றிக்கொள்ளும். எந்தப் பக்க மூக்கில் மூச்சு ஓடுகிறது என்று சரம் பார்க்கிற நம் பெரியவர்களுக்கு இது புதிதே அல்ல. எப்போதும் ஒரே பக்கம் அடைத்துக்கொண்டிருந்தால்தான் தண்டின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

இப்போது தியேட்டருக்குள் போவோம். மேஜை மேல் இருப்பவர் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி. இரவெல்லாம் வாயைத் திறந்தே தூங்கி, காலையில் தொண்டை வறண்டு எழுகிறவர். ஆறு மணி நேரமாகச் சாப்பிடவில்லை. முழு மயக்கம் கொடுத்தாயிற்று. ரத்தம் வயிற்றுக்குள் இறங்காதிருக்கத் தொண்டையில் ஈரத் துணிச்சுருள் ஒன்றை வைக்கிறார்கள். முடிவில் அதை எடுக்க மறந்துவிடக்கூடாது என்று சுவர்ப் பலகையில் பெரிதாக எழுதுகிறார் ஒரு சிஸ்டர். அந்தக் கவனத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

பிறகு அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி. போட்டுவிட்டு எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஸ்கிரீனில் பார்த்தால், சிவந்து கிடந்த உள்தோல் கண்ணெதிரே வெளுக்கிறது! ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இனி ரத்தம் கொஞ்சம்தான் வரும்.

"சிஸ்டர், கில்லியன்." "ஃப்ரீயர் குடுங்க." "காட்டில்."

யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். மூன்றும் தட்டில் இருக்கும் கருவிகள்! மூன்றுமே மனிதர்களின் பெயர்கள். சிகாகோவின் ஃப்ரீயர் 1902-லும், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து கில்லியன் 1904-லும், உள்தோலைக் காப்பாற்றிக்கொண்டு அடியில் இருக்கும் வளைந்த தண்டை மட்டும் எடுக்கும் முறையை எழுதி வைத்தார்கள். 1897-லேயே ஒரு விவசாயியின் மூச்சுக்குழலில் சிக்கிய எலும்புத் துண்டைக் குழாய் விட்டு எடுத்துக் காட்டியவரும் அதே கில்லியன்தான். காட்டில் பிற்பாடு வந்தவர். எடுத்து எறிவதைக் குறைத்து, இருப்பதை நிமிர்த்தி வைக்கப் பாடுபட்டார். நூறாண்டுக் கதை முழுவதும் ஒரு ஸ்டீல் தட்டில் வரிசையாகக் கிடக்கிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வெளியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. நாசித் துவாரத்துக்குள்ளே, தண்டின் முன்விளிம்பை ஒட்டிச் சிறிய வெட்டு ஒன்று. அதன் வழியே ஃப்ரீயரை நுழைத்து உள்தோலைப் பிரிக்கிறார் டாக்டர். பலாச்சுளையை நார் அறாமல் பிரித்தெடுக்கிற அதே பொறுமை. சரியான படலத்துக்குள் போய்விட்டதற்கு ஓர் அடையாளம் உண்டு. "பார்த்தீங்களா, நீலம் கலந்த வெள்ளை!" என்கிறார். முத்துப்போல் மின்னுகிறது குருத்தெலும்பு! இரண்டு பக்கமும் தோலைப் பிரித்துவிட்டு, நடுவிலே வேலை நடக்கிறது. வளைந்த துண்டும், முள்போல் நீட்டிக்கொண்டிருந்த எலும்பும் வெளியே வருகின்றன. ஆனால் மூக்கின் மேல்முதுகை ஒட்டியும் முன்புறத்திலும் குறைந்தது ஒரு செ.மீ. அகலத்துக்குக் குருத்தெலும்பைத் தொடுவதே இல்லை. மூக்கைத் தாங்கி நிற்பதே அதுதான். அதையும் எடுத்தால் மூக்கு நடுவில் அமுங்கிவிடும்.

பக்கச் சுவரில் தொங்கும் சதையை, நாம் 'சதை வளர்ச்சி' என்று சொல்வதை, கொஞ்சமாகச் சுருக்குகிறார்கள். கொஞ்சமாக என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் உறுப்பு அது. மொத்தமாக எடுத்துவிட்டால் மூக்கு விசாலமாக இருந்தும் மூச்சே போகாததுபோன்ற அவதியில் சிலர் மாட்டிக்கொள்வதுண்டு. உங்கள் டாக்டரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

தோலை மறுபடி சேர்த்துத் தையல், இரு பக்கமும் மெல்லிய சிலிகான் தகடு. சிலருக்குப் பஞ்சும் வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். துணிச்சுருள் வெளியே வந்ததும் பலகையில் எழுதியது அழிகிறது. "தம்பி, கண்ணைத் திறங்க. எல்லாம் முடிஞ்சிருச்சு. வாயாலேயே மூச்சு விடுங்க."

அடுத்த ஒரு வாரம்தான் கொஞ்சம் கஷ்டம். பலரும் சொல்வது, வலியைவிட அடைப்புதான் பாடாய்ப்படுத்துகிறது என்று. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மூக்கைச் சீந்தவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பாரம் தூக்கக்கூடாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கலந்த உப்புநீரால் கழுவச் சொல்லுவார்கள். மேல்வரிசை முன்பற்கள் சில நாள் மரத்துப்போனாலும் பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சலோடு வலியும் அடைப்பும் ஏறிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் ஓடுங்கள். தண்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம்.

அப்புறம் அந்த நாள் வருகிறது! தகட்டைப் பிடித்திருந்த தையலை வெட்டி, வழுக்கென்று உருவுகிறார் டாக்டர். தம்பி கண்ணை இறுக்கி மூடி, திறந்து, ஒரு மூச்சு இழுக்கிறார். "டாக்டர், ஜில்லுன்னு போகுது!"

ஜில்லென்பதில் விஷயம் இருக்கிறது. காற்று எவ்வளவு போகிறது என்பதை மூக்கு அளப்பதில்லை. உள்தோல் குளிர்வதை நரம்புகள் உணர்வதைத்தான் மூச்சு போகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தைலம் தடவினால் அடைப்பு அப்படியே இருந்தும் திறந்ததுபோல் தோன்றுவது இதனால்தான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி அடைத்தது அவருக்கு. வீக்கமும் பொருக்கும் வந்து போவது இயல்பு. முழுதாக ஆறச் சில மாதங்கள் ஆகும். அலர்ஜி உள்ளவர்களுக்கு ஸ்ப்ரே தொடரும், குறட்டை எல்லோருக்கும் நிற்காது. ஆனால் அவர் இப்போது வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாராம். சொன்னவர் அவர் மனைவி, அதுவும் சந்தோஷம் தாங்காமல்!