கணினியின் காய்ச்சலும் வெப்பமானியின் பிழையும்

நோயாளி கட்டிலில் எழுந்திருந்து சிரித்துப் பேசுகின்றான். அவன் வாயிலிருந்து எடுத்த வெப்பமானியோ உயிரையே போக்கும் கடுங் காய்ச்சலைக் காட்டுகின்றது. இந்நிலையில் அறிவுடைய வைத்தியர் யாது செய்வார்? உடனே மருந்தை ஊட்டமாட்டார். வெப்பமானியைக் குப்பையில் எறியவும் மாட்டார். அதனை உதறி மீண்டும் வைத்துப் பார்ப்பார். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். வேறொரு வெப்பமானியையும் வரவழைப்பார். மேசைக் கணினி தன் திரையிலே "வெப்ப உணரியிற் பிழை" என்று எழுதிக் காட்டும்போது அதனை உடையவர் செய்யவேண்டியதும் இதுவே. காய்ச்சல் இயந்திரத்துக்கா, அன்றி அதனை அளக்கும் கருவிக்கா என்பதைத் தெளிந்த பின்னரே ஏனைய எல்லாம்.

கணினிக்கு வெப்பத்தை அளக்கவேண்டிய தேவை ஏன் வந்தது? அதனுள் ஓடும் மின் ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. மூளை எனப்படும் மையச் செயலி, தபால் முத்திரையளவான ஒரு சிலிக்கன் துண்டு. சாதாரண மேசைக் கணினியில் அச்சிறு துண்டு 65 வாற்று அளவிலும், அதற்கு மேலும் வெப்பத்தை உமிழவல்லது. அதன்மீது அமர்த்திய உலோகத் தகடுகளும் விசிறியுமே அவ்வெப்பத்தை அகற்றுகின்றன. 2001ஆம் ஆண்டிலே, ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளிலிருந்து இத்தகடுகளை அகற்றிச் சோதித்துப் படம் பிடித்துக் காட்டினர். அக்காலத்து அத்லன் செயலி சில வினாடிகளிற் புகைந்து அழிந்தது. பென்ரியம் 4 செயலியோ தன் வெப்பத்தைத் தானே உணர்ந்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் தப்பியது. வெப்ப உணரியும் அதன் சொற்கேட்டு நடக்கும் ஏற்பாடும் எவ்வளவு இன்றியமையாதன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உணரிகள் இருவகைப்படும். முதலாவது, வெப்பத்தடையி. 1833ஆம் ஆண்டிலே மைக்கல் பரடே என்னும் அறிஞர், வெள்ளிச் சல்பைட்டைச் சூடாக்கும்போது அதன் மின்தடை குறைவதைக் கண்டார். உலோகங்களிற் காணும் இயல்புக்கு இது நேர்மாறானது. இவ்வியல்புடைய பொருளால் ஆன சிறு மணியொன்றை இரு கம்பிகளின் நுனியிற் பொருத்தினால், அதன் தடையைக் கொண்டு வெப்பநிலையை அறியலாம். கணினிப் பெட்டியின் காற்றையும் தாய்ப்பலகையையும் பெரும்பாலும் இத்தகைய மணிகளே காவல் செய்கின்றன. இரண்டாவது வகை, செயலியின் உள்ளேயே அமைந்த குறைகடத்தி இருவாயி. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு ஏறுந்தோறும் அதன் குறுக்கேயுள்ள மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று குறையும். இவ்விரு வகையிலும் கணினி நேரே காண்பது வெப்பத்தை அன்று; தடையையோ அழுத்தத்தையோதான் காண்கின்றது. ஆதலின் கம்பி அறுந்தாலும், செருகி தளர்ந்தாலும், அதனை வெப்பமென்றோ குளிரென்றோ தவறாகப் பொருள்கொள்ள இடமுண்டு.

பொய்யான அளவீட்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் மூன்று. அறையின் காற்று 30 பாகையாய் இருக்க, அக்காற்றினாலேயே குளிர்விக்கப்படும் செயலி 12 பாகை என்று காட்டினால், அது நடவாத காரியம். அறையிலும் குளிர்ந்த நிலையை விசிறி ஒருபோதும் தராது. அடுத்து, கணினி ஓய்ந்திருந்தாலும் உழைத்தாலும் ஒரே எண் அசையாது நின்றால், அதுவும் ஐயத்துக்குரியது. உண்மையான வெப்பம் ஏறும், இறங்கும். பொய் வெப்பம் கல்லில் வெட்டிய எழுத்துப்போல் நிற்கும். மூன்றாவது, 127 என்னும் எண். வெப்பநிலையைக் குறிக்கும் எட்டு இலக்கங்களில் ஒன்று நேர், மறை என்னும் குறிக்குப் போக, எஞ்சிய ஏழும் ஒன்றாகிவிட்டால், 1, 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 127 பிறக்கும். அது கொதிப்பின் அளவன்று. பெரும்பாலும், "அங்கே உணரியே இல்லை" என்று சொல்லும் முறையே அது.

இனி, ஆராயும் முறையைப் பார்ப்போம். முதலில் திரையிலுள்ள செய்தியை எழுத்துப் பிசகாமற் குறித்துக்கொள்க. வெப்பம் மிகுந்தது என்பது வேறு. உணரி காணப்படவில்லை என்பது வேறு. பின்னர் கணினியை நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மீண்டும் முடுக்கி, பயொஸ் எனப்படும் அடிப்படை ஏற்பாட்டுத் திரையிலே அளவீட்டைப் பார்க்க. அங்கே நல்ல எண்ணும், கணினியின் வழக்கமான திரையிலே தீய எண்ணும் வருமாயின், பிழை உணரியில் இல்லை; அதனைப் படித்துக் காட்டும் மென்பொருளிலேயே உண்டு.

பயொஸிலும் அளவீடு தீயதாயின் பெட்டியைத் திறக்கவேண்டும். சுவர்க் குதையிலிருந்து செருகியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும். செயலியின்மீதுள்ள தகடுகளை மெல்லத் தொட்டுப் பார்க்க. இங்கே பலரும் ஏமாறுவதுண்டு. திரை 95 பாகை காட்டியது, தகடோ குளிர்ந்திருக்கின்றது. ஆகவே உணரியே பொய் சொல்லியது என்று அவசரப்பட்டுத் துணிந்துவிடலாகாது. தகடு செயலியோடு நன்கு பொருந்தாவிடினும், இடையிலுள்ள வெப்பங் கடத்தும் பசை உலர்ந்துவிடினும், கீழே செயலி கொதிக்க, மேலே தகடு குளிர்ந்தேயிருக்கும். ஆதலின் தகட்டைக் கழற்றிப் பழைய பசையைத் துடைத்துப் புதியதைச் சிறிதளவு இட்டு இறுகப் பொருத்துக. விசிறியிலுள்ள தூசியையும் நீக்குக. உணரியைக் குற்றவாளியாக்குதல் அதற்குப் பின்னரே.

அதன்பின் கம்பிகளைப் பார்க்க. சில மேசைக் கணினிகளிலே காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி பெட்டியின் முன்முகப்பில் உள்ளது. ஆளியையும் விளக்கையும் தாய்ப்பலகையோடு இணைக்கும் வடத்தின் வழியே அதன் செய்தி செல்லும். தூசி துடைக்கும்போது அவ்வடம் சிறிது நழுவினால், ஆரோக்கியமான கணினியும் உணரி இல்லையென்று முறையிடும். ஒவ்வொரு செருகியையும் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துவதால் தீரும் குறைகள் பல. அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

உதிரிப் பாகமொன்றை மாற்றிய பின்னர் குறை தோன்றுமாயின், மாற்றிய பாகத்தையே முதலில் ஐயுறுக. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஐமாக் கணினிகள் இதற்கு உதாரணமாகும். அவை வன்தட்டின் உள்ளேயுள்ள உணரியைச் சிறப்பான இணைப்பொன்றின் வழியே படித்தன. உரிமையாளர் அதனை நீக்கிச் சாதாரண வன்தட்டைப் பூட்டினால், கணினிக்கு வெப்பச் செய்தி கிடைக்காது. விசிறியோ முழு வேகத்திற் கூச்சலிட்டுச் சுழலும். புதிய தட்டிலே குறையொன்றும் இல்லை. செய்தி வராதபோது தீயதையே எதிர்பார்த்து நடக்குமாறு இயந்திரம் அமைக்கப்பட்டுள்ளது. அது மடமையன்று, எச்சரிக்கையே.

இவையெல்லாம் செய்தும் பிழை தீராவிடின், உணரி உண்மையாகவே பழுதுற்றது என்று கொள்ளலாம். கம்பியின் நுனியிலுள்ள வெப்பத்தடையியாயின் குறைந்த செலவில் மாற்றலாம். செயலியின் உள்ளேயுள்ளதாயின் தனியே மாற்ற இயலாது, செயலியையே மாற்றவேண்டும்.

எச்சரிக்கையை ஏற்பாட்டுத் திரையில் அணைத்துவிட்டு வேலையைத் தொடரலாமே என்று சிலர் கேட்பர். பெட்டியின் காற்றை அளக்கும் உணரி மட்டுமே பழுதாகி, செயலியின் உள்ளுணரி நன்கு இயங்குமாயின், புதியது வரும்வரை அவ்வாறு செய்வதிற் பெருந்தீங்கில்லை. ஒரு காவலன் போனாலும் மற்றவன் விழித்திருக்கின்றான். காரணம் காணாமல் அணைப்பதோ, குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்குவது போலாகும். பிள்ளைகளின் பாடங்களும் குடும்பத்தின் கணக்குகளும் புகைப்படங்களும் அந்த ஒரு பெட்டியிலேதான் இருக்கின்றன. நாய் வீணே குரைத்ததா, கள்வனைக் கண்டு குரைத்ததா என்பதை விளக்கேற்றிப் பார்த்த பின்னர் உறங்கச் செல்வதே அறிவுடைமை.