மறைப்பது வேறு, பூட்டுவது வேறு!

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில். அப்பா, அம்மா, அக்கா, தம்பி, நான் என்று ஐந்து பேருக்கும் அதுவே கதி. போன வருடம் அக்காவுக்கு லேபிலிருந்து ஒரு ரிப்போர்ட் ஈமெயிலில் வந்தது. டவுன்லோட் செய்து படித்துவிட்டு, மெயிலிலிருந்து ஒழுங்காக வெளியேறித்தான் எழுந்தாள். மறுநாள் ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்த மாமா டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார். முதல் ஆளாக நின்றது அந்த ரிப்போர்ட்! "என்னம்மா இது?" என்று அவர் சத்தமாகக் கேட்டபோது வீடு நிறைய விருந்தாளிகள். அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

தப்பு எங்கே? பாஸ்வேர்டு காப்பது மெயிலை மட்டும்தான். அட்டாச்மென்ட்டை டவுன்லோட் செய்ததுமே அதன் நகல் ஒன்று டிஸ்க்கில் இறங்கிவிடுகிறது. அப்புறம் அதற்கும் மெயிலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'இன்காக்னிட்டோவில் பார்த்தால் போச்சு' என்பார்கள் சிலர். அது பார்த்த பக்கங்களின் பட்டியலைத்தான் வைத்துக்கொள்ளாது. இறக்கிய ஃபைல் இறக்கிய இடத்திலேயே இருக்கும்.

நான் பெரிய மேதாவி மாதிரி அக்காவின் ஃபைல்களை ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் 'ஹிடன்' என்று டிக் அடித்து வைத்தேன். எட்டாவது படிக்கிற தம்பி ஒரே நிமிஷத்தில் வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தட்டி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிட்டான். மானம் போயிற்று! ஹிடன் என்பது பூட்டு இல்லை, வெறும் திரைச்சீலை.

சரியான வழி, ஆளுக்கொரு யூஸர் அக்கவுண்ட். விண்டோஸ் 98-ல் பாஸ்வேர்டு கேட்டால் எஸ்கேப் கீயைத் தட்டி உள்ளே போய்விடலாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் வைத்திருப்பவர் இன்னொருவரின் டவுன்லோட்ஸைத் திறக்க முடியாது. எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு 'எல்' அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் வைத்திருப்பவர் யார் ஃபோல்டருக்குள்ளும் நுழையலாம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். "அப்ப நீ பார்ப்பியே?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி!

அதற்கு செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. '7இசட்' வகையில் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கினால் ஏஇஎஸ்-256 முறையில் ஃபைல் பூட்டப்படும். 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்பதையும் டிக் செய்யணும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர் வெளியே தெரியும். பெயரே கதை சொல்லிவிடுமே! பிறகு ஒரிஜினல் ஃபைலை டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யணும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பாஸ்வேர்டு மறந்துபோனால் மீட்டுத்தர யாரும் இல்லை. எங்காவது எழுதி வையுங்கள், மானிட்டரில் ஒட்டி வைக்காதீர்கள்!

அக்காவும் அப்படித்தான் பூட்டி வைத்திருக்கிறாள். பாஸ்வேர்டை டைப் செய்யும்போது என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டாள்.